ஆயா வீட்டு வேலியிலிருந்து ஐந்து களாச்செடிகள்

பக்கத்து வீட்டு வேலியைப் பிடுங்கிவிட்டுக் கான்கிரீட் பலகைச் சுவர் எழுப்பப் போகிறார்கள் என்று 2021 செப்டம்பரில் தெரிய வந்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோவில் இருக்கிறோம். கடற்கரை நடந்து போகிற தூரம்தான். அந்த வேலி ஆள் உயரம், ஏறக்குறைய நாற்பதடி நீளம். பன்னிரண்டு மாதமும் இலை உதிராமல் கரும்பச்சையாக மினுங்கும். பொழுது சாய்ந்ததும் நாரத்தைப் பூ மாதிரி ஒரு மணம் எங்கள் சமையலறை வரைக்கும் வரும்.

அந்த வீட்டு ஆயா அதைக் களாக்காய் என்றுதான் சொல்லுவார். ஜூலு மக்கள் அமதுங்குலு என்பார்கள், கடைக்காரர்களுக்கு அது நேட்டால் பிளம். கரும்புத் தோட்டங்களுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னால் வந்த ஏதோ ஒரு கப்பலில் ஆயாவின் முப்பாட்டனார் வந்திருக்கிறார். கரும்புக் காட்டு ஓரத்தில் ஊர்க் களாவைப் போலவே முள்ளும் பாலும் வெள்ளைப் பூவுமாக ஒரு புதர் நிற்பதைப் பார்த்தால் வேறென்ன பெயர் வரும்? அது தப்பான பெயரும் இல்லை. நம் ஊர்க் களா கரிசா கரண்டாஸ். இது கரிசா மேக்ரோகார்ப்பா, இந்தக் கடலோரத்து மண்ணுக்கே உரியது. இரண்டும் அக்கா தங்கை. நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி. எங்களுக்கு அது கிளாக்காய். பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்த்தூளோடு பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். அந்தக் காய் கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். இந்தப் பழம் ஒரு சின்ன எலுமிச்சை அளவுக்கு வருகிறது.

"எங்கம்மா வச்ச வேலி கண்ணு. சுவரு வரட்டும், நான் வேணாங்கல. ஒரு கொம்பாவது உன் வீட்டுப் பக்கம் வச்சிக்கோ" என்றார் ஆயா.

அந்த வாரமே இருபது குச்சி வெட்டினேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், பென்சில் தடிமன். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, வேர் பிடிக்கிற பொடியைத் தொட்டு, கழுவிய ஆற்றுமணலில் நட்டு, பாதியாக அறுத்த தண்ணீர் பாட்டிலை மேலே கவிழ்த்தேன். செம்பருத்தி, இட்லிப்பூ எல்லாம் எனக்கு இப்படித்தான் வந்திருக்கின்றன. இது வரவில்லை. வெட்டிய வாயில் வெள்ளைப் பால் சுரந்து, ரப்பர் மாதிரி இறுகி மூடிக்கொண்டது. ஐந்தாவது வாரம் இலைகள் கொட்டின. பிடுங்கிப் பார்த்தால் அடி கறுத்திருந்தது. இருபதில் ஒன்றுகூட இல்லை.

நல்ல காலம், சுவர் வேலை ஈஸ்டருக்கு அப்புறம் என்று தள்ளிப் போனது. இடையில் கிடைத்த மாதங்களில் தேடிப் படித்துக் கற்றுக்கொண்ட முறையை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் செடியில் எல்லாம் இதில்தான் இருக்கிறது. கிளையை வெட்டி எடுக்கக் கூடாது. இளங்கிளையின் நுனியிலிருந்து ஒரு சாண் கீழே, தண்டின் பாதித் தடிமன் வரைக்கும் கூர்மையான கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டி, கிளையைச் செடியோடு அப்படியே விட்டுவிட வேண்டும். மீதிப் பாதி வழியாகத் தண்ணீர் மேலே போய்க்கொண்டிருக்கும், அதனால் இலை வாடாது. இலை சமைத்துக் கீழே அனுப்புகிற சத்து வெட்டுவாயில் தடைபட்டு அங்கேயே தேங்கும். பாலும் அந்தக் காலத்துக்குள் வடிந்து அடங்கிவிடும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் வெட்டிய இடத்தின் மேல் உதட்டில் வெளிறிய கட்டி ஒன்று பருத்திருக்கும். அப்போது முழுதாக அறுத்து மணலில் வைத்தால் ஒரு மாத வாக்கில் வேர் விடும்.

2022 பிப்ரவரி 10 அன்று பதினான்கு கிளைகளை இப்படிக் கீறிச் சிவப்பு நூல் கட்டினேன். முள் பொல்லாதது. பச்சைத் தண்டிலிருந்து இரண்டாகக் கவைத்து நிற்கும், சில இடங்களில் அந்தக் கவையும் இன்னொரு முறை கவைத்திருக்கும். கை உள்ளே போகும்போது விடும், வெளியே வரும்போது பிடித்துக்கொள்ளும். அதனால் எங்கள் குழாயடி ஓரம் கை எட்டிய மூலையிலேயே பதினான்கையும் எடுத்துக்கொண்டேன். இதன் விளைவு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 9 அன்று அறுத்தேன். படித்தபடியே பதினான்கிலும் கட்டி பருத்திருந்தது. ஏழு ஏழாக இரண்டு தட்டில் நட்டு, ஒன்றைப் பின்வாசல் தரையிலும் இன்னொன்றைத் துணி துவைக்கும் சிமெண்டுத் தொட்டியின் மேலும் வைத்தேன். 11-ஆம் தேதி இரவு மழை பிடித்தது. அந்த 2022 ஏப்ரல் வெள்ளத்தை டர்பனில் யாரும் மறக்க மாட்டார்கள். இசிப்பிங்கோ, ப்ராஸ்பெக்டன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. எங்கள் பின்வாசலில் முழங்கால் அளவு. மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. செடியைப் பற்றி நினைக்கிற நேரமே இல்லை அது. நான்காம் நாள் சேற்றை அள்ளும்போதுதான் தரையில் வைத்த தட்டு கிடைத்தது. ஏழு குச்சியையும் மழைத் தண்ணீரில் அலசிப் புதுமணலில் வைத்துப் பார்த்தேன். ஏழும் அழுகின. இந்தச் செடி உப்புக் காற்றைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், கடலோர மணல்மேட்டில் கவலையில்லாமல் நிற்கும். வேரில் தண்ணீர் தேங்குவதை மட்டும் பொறுக்காது.

தொட்டி மேல் வைத்த ஏழில் ஐந்து வேர் பிடித்தன. மே நடுவில் ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தபோது மணல் பிடி கொடுத்தது. ஜூனில் ஆயா வீட்டு வேலி போனது. பிடுங்கிய நாள் முழுக்க ஆயா வெளியே வரவே இல்லை. மறுநாள் அந்த ஐந்து சட்டிகளையும் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு சட்டியாகத் தொட்டுப் பார்த்தார்.

இதற்கிடையில் இன்னொரு காரியம் நடந்தது. அதை எழுதவே இந்தப் பதிவைத் தொடங்கினேன்.

முதல் இருபது குச்சியும் செத்த பிறகு, 2021 டிசம்பரில், சாலையோர நாற்றுக்கடை ஒன்றில் அமதுங்குலு என்று கேட்டு ஒரு செடி வாங்கியிருந்தேன். இரண்டடி உயரம், தடித்த மினுங்கும் இலை, எதிரெதிராக அடுக்கு, கிள்ளினால் பால். முள்ளைக் காணோமே என்று கேட்டேன். "இது முள் இல்லாத ரகம்" என்றார்கள். அப்படி ரகங்கள் இருப்பதும் உண்மைதான். வேலிக்கென்று குட்டையாக, முள்ளில்லாமல் தேர்ந்தெடுத்த வகைகள் விற்பனைக்கு வருகின்றன. அதனால் நம்பி, வாசல் ஓரம் நட்டேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பழுத்ததும் பறித்துத் தின்னலாம் என்று அவளிடம் சொல்லியும் வைத்தேன்.

2022 ஆகஸ்டில் அது பூத்தது. வெள்ளைப் பூதான், மணமும் உண்டு. ஆனால் மொட்டு இளஞ்சிவப்பு. பூக்கள் சின்னதாக, இலைக்கக்கத்தில் கொத்துக் கொத்தாக நெருங்கி ஒட்டியிருந்தன. ஆயா வீட்டு வேலியில் பூ அகலமாக, நட்சத்திரம் மாதிரி விரிந்து, கிளை நுனியில் ஒன்றிரண்டாக நிற்கும். எனக்கு ஒரு நெருடல். அப்போதும் நான் அதைப் பிடுங்கவில்லை. நவம்பரில் காய் பிடித்துச் சிவக்கத் தொடங்கியது.

ஆயா வீட்டுக்கு வேலைக்கு வருகிற ஜூலு அம்மா ஒருவர் ஒருநாள் வாசலில் நின்று, என் மகள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கிய காயைப் பார்த்துவிட்டு, "இன்லுங்குன்யெம்பே" என்றார். கையை நெஞ்சில் வைத்துக் காட்டித் தலையை ஆட்டினார். அந்தப் பெயரின் பின்னால் தேடிப் போனேன். அகோகாந்தெரா. அம்பு முனையில் தடவிய நஞ்சுக்கு இந்த இனத்துச் செடிகள் ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் பயன்பட்டிருக்கின்றன. இதயத்தைத் தாக்குகிற பொருள் செடி முழுக்க இருக்கிறது. காயிலும் உண்டு. என் வாசலில் நின்றது அகோகாந்தெரா ஓப்லாங்கிஃபோலியா, இதே கடலோர மணல்மேட்டில் அமதுங்குலுவுக்குப் பக்கத்திலேயே இயற்கையாக வளர்கிற செடி.

இரண்டும் ஒரே குடும்பம். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, களா எல்லாம் அந்தக் குடும்பம்தான். பால் வடிகிற செடியை வாயில் வைக்காதே என்று நம் வீடுகளில் சொல்லி வளர்ப்பது இதனால்தான். களா அந்தச் சொல்லுக்கு அடங்காமல் நிற்கிறது. அதிலும் இந்த அமதுங்குலுவில் பழுத்த பழம் மட்டுமே. இலையையும் தண்டையும் யாரும் சாப்பிடுவதில்லை. அந்த விதிவிலக்கை நம்பிக் கை நீட்டுகிறவர்கள் செடியை நிச்சயமாக அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

கையுறை போட்டு இரண்டு காயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலகையில் வெட்டினேன். ஆயாவின் தம்பி மகள் வீட்டு வேலியிலிருந்து உண்மையான பழம் ஒன்று கிடைத்திருந்தது. அமதுங்குலுவின் உள்ளே தோலிலிருந்து நடு வரைக்கும் சிவப்பான சதை, அதில் பால் பொட்டுகள், நடுவில் தட்டையான மெல்லிய பழுப்பு விதைகள். எண்ணினேன், பதினொன்று. நஞ்சுச் செடியின் காயில் சதை கொஞ்சம், நடுவே கத்தியை நிறுத்துகிற மாதிரிக் கெட்டியான பெரிய விதை, அதுவும் இரண்டே இரண்டு. அன்றிலிருந்து யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: கவைத்த முள் இருந்தால் அது களா வகை. முள் இல்லையென்றால் அது எந்தச் செடி என்று உறுதியாகத் தெரிகிற வரைக்கும் காயைத் தொட வேண்டாம். கொத்தாக நெருங்கிய பூ, சிவப்பு மொட்டு, உள்ளங்கை நீளத்துக்கு வருகிற இலை என்றால் விலகிவிடுங்கள். களாவின் இலை சிறியது, நீளம் கட்டைவிரல் அளவு, நுனியில் ஊசிமுனை போல ஒரு சின்னக் கூர். அதை விரலால் நெருடிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கவைமுள்ளோடு சின்னப் பழமும் ஒன்றிரண்டு விதையுமாக இருந்தால் அது கரிசா பைஸ்பினோசா என்ற இன்னொரு தங்கை. அதையும் இங்கே தின்கிறார்கள்.

வாங்கிய செடியை வேரோடு எடுத்தேன். எரிக்கவில்லை, துண்டாக்கி இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன். கத்தியையும் பலகையையும்கூடச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுவரவில்லை. காட்டிலே கிடக்கும்போது அந்தச் செடிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது அழகான செடி, இந்த மண்ணுக்குச் சொந்தமானது. ஆறு வயதுப் பிள்ளையின் வாசலில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

களாக் கன்று ஐந்தில் மூன்றை எங்கள் பக்கத்துச் சுவரோரம் நட்டேன், இரண்டடி இடைவெளியில். மண்ணோடு பாதிக்குப் பாதி மணல், கொஞ்சம் மக்கிய எரு. வெள்ளத்தை நினைத்து ஒரு சாண் மேடு கட்டினேன். ஒன்று ஆயாவின் திண்ணையில் பெரிய தொட்டியில். இன்னொன்று டர்பனிலேயே உள்ள சாட்ஸ்வர்த்தில் என்னிடம் சனிக்கிழமை தமிழ் படிக்க வருகிற பெண்ணின் வீட்டில். முதல் வருடம் வளர்த்தி மெதுவாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பூ கிளை நுனியில் வருவதால் நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை பெருகி, பூவும் பெருகும்.

2023 அக்டோபரில் நன்றாகவே பூத்தது. லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு இரவுகளில் தெருவே இருட்டாகக் கிடக்கும்போது சுவரோரம் வெள்ளை வெள்ளையாக மிதக்கும். ஆனால் காய் ஒன்றுகூட நிற்கவில்லை. பூ முழுசாக உதிர்ந்தது. சாட்ஸ்வர்த்திலும் அதே கதை, ஆயாவின் தொட்டியிலும் அதே கதை. "எங்க வேலில கூடை கூடையா காய்க்கும் கண்ணு, உன் கையில ஏன் இப்படி?" என்று ஆயா கேட்டபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

அடுத்த வசந்தத்தில், இங்கே செப்டம்பரில், ஒரு பூவைப் பறித்துப் பிளேடால் குழலை நெடுக்காகக் கீறி, மகளின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சூல்தண்டின் நுனியும் மகரந்தப் பைகளும் ஒரே மட்டத்தில் இருந்தன. பைகள் சிறுத்துச் சூம்பியிருந்தன. கறுப்புத் துணியில் தட்டினேன், ஒரு துளிப் பொடி விழவில்லை. கோவில் மதில் ஓரத்தில் பழைய அமதுங்குலு வேலி ஒன்று உண்டு. குருக்களிடம் கேட்டுக்கொண்டு அங்கே நான்கு செடியிலிருந்து ஒவ்வொரு பூ எடுத்து வந்து கீறினேன். இரண்டு என் பூவைப் போலவே. மற்ற இரண்டும் சற்றுப் பெரிய பூ, அவற்றில் மகரந்தத்தாள் சூல்தண்டைத் தாண்டி உயர்ந்து, பைகள் கொழுத்து, துணியில் மஞ்சள் பொடி கொட்டியது.

அப்போதுதான் புரிந்தது. பூ பார்வைக்கு இருபால் பூவாகவே தெரியும். ஆனால் சில செடிகள் ஆணாக வேலை செய்கின்றன, சில பெண்ணாக. அமெரிக்க வேளாண் துறைக்காக டேவிட் ஃபேர்சைல்ட் 1903-இல் டர்பன் தாவரவியல் பூங்காவிலிருந்து இதன் விதைகளை நிறையக் கொண்டுபோய், ஆயிரக்கணக்கில் கன்றுகள் வளர்த்தபோது அவற்றின் காய்ப்பு செடிக்குச் செடி பெரிதும் வேறுபட்டது என்று படித்திருந்தேன். அந்தச் சேதி என் சுவரோரத்தில் வந்து நின்றது. ஆயாவின் நாற்பதடி வேலியில் ஆணும் பெண்ணும் கலந்து நின்றிருக்கின்றன. நான் குழாயடி மூலையில் ஒரே செடியிலிருந்து பதினான்கு கிளையையும் எடுத்தேன். ஐந்து கன்றும் ஒரே பெண் செடி. வேலி போன பிறகு பக்கத்தில் ஆணே இல்லை.

அக்டோபர் முழுக்க மாலை ஆறு மணிக்குப் பிறகு இதுதான் வேலை. இந்தப் பூவுக்கு மகரந்தம் கொண்டுவருகிறவை இரவில் பறக்கிற அந்துப்பூச்சிகள்தான், அவற்றின் வேலையை நான் கையால் செய்தேன். கோவிலிலிருந்து கொண்டு வந்த ஆண் பூவின் குழலைக் கிழித்து, மீன் தூண்டில் நைலான் இழையின் முனையை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதில் மஞ்சள் பொடியை ஒற்றி, பெண் பூவின் குழலுக்குள் நேராக இறக்கி ஒரு சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். தூரிகை முயன்றேன், குழல் குறுகலானதால் பொடி வாயிலேயே ஒட்டிக்கொள்கிறது. முப்பத்திரண்டு பூவுக்குச் செய்து, காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். பத்தொன்பது பிஞ்சு பிடித்தது. காற்றில் ஐந்து உதிர்ந்து பதினான்கு நின்றது. நூல் கட்டாத பூக்கள் எவ்வளவோ இருந்தும் அவற்றில் காய்த்தது இரண்டுதான்.

ஜனவரியில் முதல் பழம் சிவந்தது. ஆயா பச்சைக் காயைத் தொட விடமாட்டார். முழுதும் சிவந்து, விரலால் அழுத்தினால் லேசாக நெகிழ வேண்டும். ஊறுகாய் அவர் பக்குவம்: பழத்தைக் கழுவித் துடைத்து நான்காக வகுந்து விதையை எடுக்க வேண்டும். கத்தியில் முதலிலேயே நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. உப்பும் மஞ்சளும் போட்டு ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் எண்ணெயில் கடுகு, வெந்தயம், பூண்டு, பச்சை மிளகாய் தாளித்து, மசாலாத்தூளை அடுப்பை அணைத்த பிறகு போட வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது, புளிப்பு பிடித்துக்கொள்ளும். பாத்திரத்தின் விளிம்பில் பால் வெள்ளை வளையமாகப் படியும். அதைத் தேய்த்துச் சிரமப்படாமல் எண்ணெய்த் துணியால் துடைத்தால் உருண்டு வந்துவிடும். பதினாறு பழத்தில் ஒரு சின்னப் புட்டி வந்தது. ஆயா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்து, கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வெந்தயம் கொஞ்சம் தூக்கலு" என்றார்.

2025 பிப்ரவரியில் கோவில் வேலியின் இரண்டு ஆண் செடிகளில் மூன்று மூன்று கிளையாகக் கீறி வைத்தேன். இம்முறை எந்தக் கிளை எந்தச் செடி என்று நூலின் நிறத்தை மாற்றிக் கட்டினேன். ஏப்ரலில் அறுத்து, தட்டை மேலே துவைக்கும் தொட்டியில் வைத்தேன். நான்கு வேர் பிடித்தன. ஒன்று எங்கள் சுவரோரம் மூன்று பெண் செடிகளுக்கு நடுவில் நிற்கிறது. ஒன்று சாட்ஸ்வர்த்துக்குப் போனது, ஒன்று ஆயாவின் திண்ணைக்கு. நான்காவதை யாராவது காய்க்காத களா வேலி வைத்திருப்பவர் கேட்டால் கொடுப்பதற்காகச் சட்டியிலேயே வைத்திருக்கிறேன், காம்பில் நீல நூலோடு.